பூட்டிய திரைக்குப் பின்னாலும் வேலை ஓடும்

பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் படிக்கும் பலருக்கு இது பழக்கமான அனுபவம். ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சக்திவாய்ந்த கணினியுடன் வீட்டிலுள்ள மடிக்கணினி வழியாக இணைகிறோம். மணிக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு வேலையைத் தொடங்கிவிட்டுச் சாப்பிடவோ தூங்கவோ போகிறோம். திரும்பி வந்தால் திரையில் நேரமும் தேதியும் மட்டும் தெரிகின்றன. கடவுச்சொல் கேட்டு நிற்கிறது கணினி. சில நாள்களில் கடவுச்சொல்லைத் தட்டியதும் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும். சில நாள்களில் ஒன்றுமே இருக்காது.

சர்வர் எனப்படும் சேவையகக் கணினி இப்படித் தானாகப் பூட்டிக்கொள்வதை எப்படித் தடுப்பது? உடனே இணையத்தில் தேடத் தோன்றும். தேடினால் வழிகளும் கிடைக்கும். அவற்றில் பலவும் வேலை செய்யும். ஆனால், அவற்றில் ஒன்றைக் கையிலெடுக்கும் முன்பு, வேலையை நிறுத்தியது உண்மையில் பூட்டுதானா என்று பார்ப்பது நல்லது. இவ்வாண்டு எங்கள் குழுத் திட்டப்பணியில் அப்படிப் பார்த்தபோது, பூட்டை நீக்காமலேயே வேலை முடிந்தது.

31 மணி நேரக் குரல்கள்

எங்கள் குழுவில் நான்கு பேர். மூத்தோர் நடவடிக்கை நிலையம் ஒன்றில் 22 தமிழ் மூத்தோரைச் சந்தித்து, அவர்களின் இளமைக்கால நினைவுகளைத் தமிழில் பதிவுசெய்தோம். மொத்தம் 31 மணி நேரம். அவற்றை எழுத்து வடிவமாக்கி, தமிழ்ப் பேச்சைக் கணினி எந்த அளவுக்குப் புரிந்துகொள்கிறது என்று ஆராய்வதே பணி.

பதிவுக்கு முன்பு ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினோம். குரல் பதிவைக் குழுவில் உள்ள நால்வரும் விரிவுரையாளரும் மட்டுமே கேட்போம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த உறுதியை நம்பித்தான் அவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். கடன், நோய், பிரிந்துபோன உறவு, இன்றுவரை பிள்ளைகளிடம் சொல்லாத செய்தி எனப் பலவும் அந்தப் பதிவுகளில் இருந்தன.

கணினி இருந்ததோ பலரும் வந்துபோகும் ஆய்வுக்கூடத்தில். விண்டோஸ் சர்வர் ஓடும் அந்தக் கணினிக்கு நல்ல வரைகலை அட்டை உண்டு. அதன் திரையும் விசைப்பலகையும் மூலை மேசையில் திறந்தபடி இருக்கும். நாங்கள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வீட்டிலிருந்து அதனுடன் இணைவோம்.

இரண்டு வேலைகளை ஒரே இரவில் ஓடவிட்டோம். தெளிவாக இருந்த 14 பதிவுகளை ‘விஸ்பர்’ எழுத்தாக்க வேண்டும். இது ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட, தமிழ் உட்படப் பல மொழிகளைக் கேட்டு எழுதும் மென்பொருள். மீதி எட்டுப் பதிவுகளில் மின்விசிறி இரைச்சலும் பக்கத்து மேசைக் கேரம் ஆட்டச் சத்தமும் கலந்திருந்தன. அவற்றை ஒரு பழைய ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுத்தப்படுத்த வேண்டும். கோப்பைத் திற, இரைச்சலை நீக்கு, சேமி என்று ஒவ்வொன்றாகச் சுட்டியால் தட்ட வேண்டிய வேலை அது. மனிதருக்குப் பதிலாகத் தட்டுவதற்குக் குழுவிலிருந்த தோழி ஒரு சிறு நிரல் எழுதியிருந்தாள்.

காலையில் இணைந்து பார்த்தால் இரண்டு வேலைகளும் நின்றிருந்தன. 14 பதிவுகளில் ஐந்து மட்டுமே எழுத்தாகியிருந்தன. இரைச்சல் நீக்கும் வேலையில் ஒரு கோப்புகூடச் சேமிக்கப்படவில்லை. பணியைப் படைக்க ஒன்பது நாள்களே இருந்தன.

குழு உரையாடலில் யோசனைகள் குவிந்தன. பூட்டை அடியோடு நிறுத்திவிடலாம் என்றார் ஒருவர். சுட்டியைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் மென்பொருளைப் போடலாம் என்றார் இன்னொருவர். ஒரே வரிக் கட்டளையால் திரையைப் பூட்டாமல் விட்டுவரும் தந்திரம் ஒன்றும் கிடைத்தது. முடிவெடுக்கும் முன்பு ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் போனோம். அவரும் தமிழர்தான்.

“பூட்டை எடுத்துவிட முடியுமா சார்?” என்று கேட்டேன்.

“பூட்டுதான் நிறுத்துச்சுன்னு யாரு சொன்னது? முதல்ல லாக் பார்ப்போம், வாங்க” என்றார்.

ஒரு கணினிக்குள் ஐந்து கடிகாரங்கள்

‘சர்வர் பூட்டிக்கொண்டது’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் ஐந்து வெவ்வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் உண்டு.

முதலாவது, திரையின் கடிகாரம். பழைய கண்ணாடிக்குழாய்த் திரைகளில் ஒரே படம் நீண்ட நேரம் நின்றால், அதன் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அதைத் தவிர்க்க வந்ததுதான் ‘ஸ்கிரீன்சேவர்’. தட்டைத் திரைகள் வந்த பிறகு அந்தத் தேவை குறைந்தாலும், அதனுடன் சேர்ந்த கடவுச்சொல் வழக்கம் நிலைத்துவிட்டது. இன்று திரை அணைந்தாலே பல கணினிகள் பூட்டிக்கொள்கின்றன. உபுண்டுவின் வழக்கமான மேசைத்திரை அமைப்பில் இதற்கு 5 நிமிடம் போதும்.

இரண்டாவது, பாதுகாப்புக் கொள்கையின் கடிகாரம். விண்டோஸில் ‘இயந்திரச் செயலின்மை வரம்பு’ என்ற விதி உண்டு. அதை விநாடிக் கணக்கில் குறிப்பார்கள். 900 விநாடி, அதாவது 15 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்புப் பரிந்துரை. இதை நிர்வாகியே வைப்பார். சாதாரணப் பயனரால் மாற்ற முடியாது.

மூன்றாவது, இணைப்பின் கடிகாரம். உங்கள் வீட்டு ‘ரவுட்டர்’, பல்கலைக்கழகத்தின் தீச்சுவர் போன்றவை, நீண்ட நேரம் எந்தத் தகவலும் போகாத இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும். மடிக்கணினி தூங்கினாலும் இதே கதைதான்.

நான்காவது, அமர்வின் கடிகாரம். இணைப்புத் துண்டிக்கப்பட்டாலும் ரிமோட் டெஸ்க்டாப் அமர்வு சர்வரில் உயிரோடுதான் இருக்கும். நீங்கள் திறந்த மென்பொருள்கள் தொடர்ந்து ஓடும். ஆனால், துண்டிக்கப்பட்ட அமர்வு இத்தனை மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று நிர்வாகி வரம்பு வைத்திருந்தால், நேரம் முடிந்ததும் சர்வர் உங்களை வெளியேற்றிவிடும். வெளியேற்றம் என்றால் திறந்திருந்த எல்லாம் மூடப்படும்.

ஐந்தாவது, தூக்கத்தின் கடிகாரம். உண்மையான சர்வர்கள் தூங்குவதில்லை. ஆனால், சர்வராக மாற்றப்பட்ட மேசைக் கணினிகள் மின்சேமிப்பு அமைப்பால் தூங்கிவிடும். அப்போது எல்லா வேலையும் நிற்கும். வெளியிலிருந்து இணையவும் முடியாது.

இந்த ஐந்தில் முதல் மூன்றும், ஒரு முக்கிய விதிவிலக்கைத் தவிர, சர்வரில் ஓடும் விண்டோஸ் வேலையை நிறுத்துவதில்லை. நான்காவதும் ஐந்தாவதும்தான் நிறுத்துகின்றன. விதிவிலக்கு என்னவென்று பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். விசைப்பலகையிலும் சுட்டியிலும் அசைவு இல்லாததையே கணினி ‘சும்மா இருப்பது’ என்று கணக்கிடுகிறது. உள்ளே செயலி முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருந்தாலும் பூட்டுக்கு அது தெரியாது. எதிரில் ஆள் இருக்கிறாரா என்பதுதான் அதற்குத் தேவை.

எது நடந்தது என்று கண்டுபிடிப்பது

திரும்பி வரும்போது என்ன தெரிகிறது என்பதே முதல் துப்பு. கடவுச்சொல் கொடுத்ததும் சாளரங்கள் எல்லாம் அப்படியே இருந்தால், அது வெறும் பூட்டு. இணைப்பு அறுந்தது என்ற செய்தி வந்து, மீண்டும் இணைந்ததும் எல்லாம் இருந்தால், துண்டிப்பு. மேசைத்திரை புத்தம்புதிதாக, எதுவும் திறக்காமல் இருந்தால், வெளியேற்றம். இணையவே முடியாவிட்டால், தூக்கமோ மின்தடையோ இருக்கலாம்.

புதிய மேசைத்திரை வந்தால் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். கணினி புதுப்பிப்புக்காக மறுதொடக்கம் ஆகியிருக்கலாம். விண்டோஸின் ‘டாஸ்க் மேனேஜர்’ பகுதியில், செயலியின் செயல்திறனைக் காட்டும் பக்கத்தில், கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்பது தெரியும். அந்த எண் நீங்கள் வேலையைத் தொடங்கிய நேரத்தைவிடக் குறைவாக இருந்தால், காரணம் மறுதொடக்கம்.

உறுதியான சான்று வேண்டுமென்றால் நிகழ்வுப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். பொறுப்பாளர் எங்களுக்குக் காட்டியது அதைத்தான். விண்டோஸ் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஓர் எண் தருகிறது. 4800 என்றால் கணினி பூட்டப்பட்டது; 4801 என்றால் பூட்டு திறக்கப்பட்டது. இவ்விரண்டும் பதிவாக அதற்கான தணிக்கை அமைப்பை இயக்கியிருக்க வேண்டும். தொலைநிலை அமர்வுகளுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அதில் 24 துண்டிப்பு, 25 மறு இணைப்பு, 23 வெளியேற்றம்.

எங்கள் இரவின் கதை அந்த எண்களில் இருந்தது. இரவு 10.10க்கு வேலைகள் தொடங்கின. 10.25க்கு 4800. இரவு 11.40க்கு 24, தோழியின் மடிக்கணினி தூங்கிய நேரம் அது. அதிகாலை 1.40க்கு 23. துண்டிக்கப்பட்ட அமர்வுக்கு இரண்டு மணி நேரம்தான் அனுமதி என்று அந்தச் சர்வரில் விதி இருந்தது.

அதாவது, 10.25க்குப் பூட்டு விழுந்த பிறகும் விஸ்பர் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியது வெளியேற்றம். பூட்டை நீக்கியிருந்தாலும் அதே 1.40க்கு அது நின்றிருக்கும்.

இரைச்சல் நீக்கும் வேலைதான் நான் சொன்ன விதிவிலக்கு. அதைப் பூட்டு நிறுத்தியது. திரை பூட்டப்படும்போது விண்டோஸ், கடவுச்சொல் கேட்பதற்கென்று தனியான ஒரு மேசைத்திரைக்கு மாறுகிறது. சாதாரண நிரல்கள் அங்கே எதையும் தட்ட முடியாது. முடிந்தால், எந்தத் தீங்குநிரலும் பூட்டைத் திறந்துவிடுமே! ஒவ்வொரு பதிவையும் சுத்தப்படுத்த அந்தப் பழைய மென்பொருளுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் பிடித்தது. இடையில் ஒரு தட்டல்கூடக் கிடையாது. 15ஆவது நிமிடத்தில் பூட்டு விழுந்தது. 20ஆவது நிமிடத்தில் ‘சேமி’ என்று தட்ட நிரலுக்கு இடமில்லை.

பூட்டை ஏன் விட்டுவைத்தோம்?

காரணம் தெரிந்த பிறகும், இரைச்சல் வேலைக்காவது பூட்டை நீக்கலாமே என்ற பேச்சு வந்தது. அந்த ஒருவரிக் கட்டளையை ‘டிஎஸ்கான்’ என்பார்கள். தொலைநிலை அமர்வை, அது திறந்திருக்கும் நிலையிலேயே, கணினியின் சொந்தத் திரைக்கு மாற்றிவிடும் கட்டளை அது. வீட்டில் நாம் இணைப்பை மூடிய பிறகும் அமர்வு திறந்தே இருக்கும். தட்டும் நிரலும் ஓடும். தானியங்கி நிரல்கள் எழுதுவோர் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால், ‘கணினியின் சொந்தத் திரை’ எங்கே இருக்கிறது? எங்கள் விஷயத்தில் ஆய்வுக்கூட மூலை மேசையில். அறைக்குள் வரும் எவரும் சுட்டியைப் பிடித்து, ஒரு கோப்பை இருமுறை தட்டினால், ஒரு பாட்டி தன் மகனைப் பற்றிச் சொன்னதைக் கேட்க முடியும். கேட்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. யாருடைய கோப்பு என்று பார்க்கும் ஆர்வம் போதும். நாங்கள் கொடுத்த வாக்கு அந்த நொடியே முறிந்துவிடும். அந்த யோசனையை அன்றே கைவிட்டோம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்கள் இணைந்திருக்கும்போது உங்கள் அமர்வு உங்கள் திரையில் மட்டுமே தெரியும்; ஆய்வுக்கூடத் திரையில் தெரியாது. விஎன்சி வகை மென்பொருள்கள் பெரும்பாலும் வேறு விதம். அவை கணினியின் சொந்தத் திரையையே உங்களுக்குப் பகிர்கின்றன. வீட்டிலிருந்து நீங்கள் செய்வதெல்லாம் அங்கே அசையும் படமாகத் தெரியும். அப்படிப்பட்ட இணைப்பில் பூட்டை நீக்குவது, வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு வெளியூர் போவதற்குச் சமம்.

சட்டமும் இதில் இருக்கிறது. அனுமதியின்றி ஒருவரின் கணினித் தகவலைப் பார்ப்பது சிங்கப்பூரின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறை குற்றவாளிக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பூட்டாமல் கிடந்த திரை, பார்ப்பவருக்குக் கிடைத்த அனுமதி ஆகாது. ஆனால், குற்றம் நடந்த பிறகு கிடைக்கும் தண்டனை, வெளியே போன குரலைத் திரும்பக் கொண்டுவராது.

தொலைவிலிருந்து அணுகப்படும் சர்வர்களில் நிர்வாகிகள் ஏன் கெடுபிடியாக இருக்கிறார்கள் என்பதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2018ஆம் ஆண்டு சிங்ஹெல்த் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. ஊழியர்கள் தொலைவிலிருந்து பயன்படுத்தும் சிட்ரிக்ஸ் சர்வர்கள் வழியாகத் தாக்குதல்காரர்கள் தரவுத்தளத்தை அடைந்தனர் என்று 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கை விளக்கியது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் கொண்ட நிர்வாகிக் கணக்கும் அதில் சுட்டப்பட்டது. அந்தச் சம்பவத்துக்கும் திரைப்பூட்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால், வசதிக்காகத் திறக்கப்பட்ட தொலைநிலை வாசல்களைக் கவனமாகக் காக்க வேண்டும் என்பதை அது காட்டியது.

சுட்டியை அசைக்கும் மென்பொருள்களையும் யூஎஸ்பி கருவிகளையும் பற்றி ஒரு வார்த்தை. பூட்டு விதியை ஏமாற்றுவதுதான் அவற்றின் வேலை. வேலையிடப் பயிற்சிக்குப் போகும் மாணவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை அசைவைப் போலியாக உருவாக்கிய குற்றச்சாட்டின்பேரில் 2024ல் பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது. அவர்களில் யாராவது நீண்ட வேலை ஒன்றை ஓடவிடத்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்லியிருந்தாலும், வங்கி அதை நம்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரை தேவைப்படாத வேலை

நாங்கள் எடுத்த வழி இதுதான்: பூட்டு இருக்கட்டும், வேலை திரையை நம்பியிருக்க வேண்டாம்.

விஸ்பர் வேலையை விண்டோஸின் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ பொறுப்பில் விட்டோம். அதில் ‘பயனர் உள்நுழைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் இயக்கு’ என்ற தேர்வு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால், வேலை நம் அமர்வுக்கு வெளியே, திரையே இல்லாத ஓர் இடத்தில் ஓடும். பூட்டு, துண்டிப்பு, வெளியேற்றம் எதுவும் அதைத் தொடாது. இதற்கு நிர்வாகியின் அனுமதி தேவைப்படலாம். எங்களுக்குப் பொறுப்பாளர் தந்தார். நீண்ட வேலை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று நாள்களுக்கு மேல் ஓடும் வேலையை நிறுத்திவிடு என்ற தேர்வு அங்கே வழக்கமாகவே போடப்பட்டிருக்கும்.

இரைச்சல் நீக்க, தட்டுவதற்குப் பொத்தானே இல்லாத மென்பொருளைத் தேடினோம். 2000ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவரும் ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற இலவச மென்பொருள் கட்டளை வரியிலேயே ஒலியைச் சுத்தப்படுத்துகிறது. சாளரம் இல்லை, சுட்டி இல்லை, ஆகவே பூட்டினால் பாதிப்பும் இல்லை. எட்டுக் கோப்புகளும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தன. தட்டும் நிரலை எழுதிய தோழிதான் அதிகம் மகிழ்ந்தாள்; அந்த நிரலைப் பராமரிக்கும் தொல்லை அவளுக்குத் தீர்ந்தது.

மூன்றாவது மாற்றம் எளிமையானது. ஒவ்வொரு கோப்பு முடிந்ததும் முடிவை எழுதி வைப்பது. மீண்டும் தொடங்கும்போது, முடிந்ததைத் தவிர்த்து அடுத்ததற்குப் போவது. மின்தடையோ மறுதொடக்கமோ வந்தால் நட்டம் ஒரு கோப்போடு நிற்கும்.

மறுநாள் இரவு மீதி ஒன்பது பதிவுகளைத் தொடங்கிவிட்டு, முறையாக வெளியேறி, மடிக்கணினியை மூடிவைத்தோம். அதிகாலை 5 மணிக்கு முன்பே அத்தனையும் எழுத்தாகியிருந்தன. அடுத்த இரவு, சுத்தமான எட்டுப் பதிவுகளும் முடிந்தன. அந்த இரண்டு இரவுகளிலும் குரல் கோப்புகள் இருந்த கணினி பூட்டியே இருந்தது.

லினக்ஸ் சர்வரைப் பயன்படுத்துவோருக்கு இதே வழி இன்னும் எளிது. எஸ்எஸ்எச் வழியாக இணைந்து தொடங்கும் வேலை, இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் இறந்துவிடும். அதற்குக் காரணம் ஒரு பழைய தொலைபேசி வழக்கம். முனையங்கள் தொலைபேசிக் கம்பி வழியாக இணைந்திருந்த காலத்தில், அழைப்பு துண்டிக்கப்பட்டால் நிரல்களுக்கு ‘ஹேங் அப்’ என்ற சமிக்ஞை போகும். இன்றும் அதே சமிக்ஞைதான் போகிறது. ‘நோஹப்’ என்ற கட்டளையுடன் தொடங்கினால் நிரல் அந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாது. 1987ல் வெளிவந்த ‘ஸ்கிரீன்’, 2007ல் வெளிவந்த ‘டிமக்ஸ்’ ஆகிய இரண்டும் இன்னும் வசதியானவை. அவற்றுக்குள் வேலையைத் தொடங்கிவிட்டுப் பிரிந்து போகலாம். மறுநாள் வேறொரு கணினியிலிருந்துகூட இணைந்து, விட்ட இடத்தில் தொடரலாம்.

பெரிய கணினிகளில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. சிங்கப்பூரின் தேசிய மீத்திறன் கணினி நிலையத்தில் ஓடும் ‘ஆஸ்பயர் 2ஏ’ போன்றவற்றில், வேலையை ஒரு கோப்பாக எழுதி வரிசையில் சேர்த்துவிட வேண்டும். முறை வந்ததும் கணினியே ஓட்டி, முடிவைக் கோப்பில் எழுதிவைக்கும். திரை முன்னால் யாரும் உட்கார்ந்திருப்பார் என்று அந்த ஏற்பாடு எதிர்பார்ப்பதே இல்லை.

பூட்டை நீக்குவது எப்போது சரி?

நீக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் அறையில், உங்கள் சொந்தக் கணினியை, நீங்கள் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் முடிவு உங்களுடையது. அறிவிப்புப் பலகையாக ஓடும் கணினி, கண்காட்சியில் படம் காட்டும் கணினி ஆகியவை பூட்டிக்கொண்டால் அவற்றால் பயனே இல்லை. அத்தகைய கணினிகளில் அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, தனிப்பட்ட கோப்புகள் எதையும் வைக்காமல், பூட்டை நீக்கலாம்.

விண்டோஸில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மின்சக்தி அமைப்பில் திரை அணையும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று மாற்றலாம். ஸ்கிரீன்சேவர் அமைப்பில், திரும்பும்போது உள்நுழைவுத் திரை காட்டும் தேர்வை எடுத்துவிடலாம். உள்ளூர்ப் பாதுகாப்புக் கொள்கையில், செயலின்மை வரம்பை 0 என்று வைத்தால் அந்தக் கடிகாரம் நிற்கும். உபுண்டுவில், அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் திரைப்பூட்டையும், மின்சக்திப் பகுதியில் தானாகத் தூங்குவதையும் நிறுத்தலாம். எஸ்எஸ்எச் இணைப்பு மட்டும் அறுகிறது என்றால், நிமிடத்துக்கு ஒருமுறை சிறு சமிக்ஞை அனுப்பும்படி உங்கள் பக்கத்து அமைப்பை மாற்றினால் போதும். இதனால் பாதுகாப்பு எதுவும் குறைவதில்லை.

மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ‘பவர்டாய்ஸ்’ தொகுப்பில் ‘அவேக்’ என்ற கருவி இருக்கிறது. கணினி தூங்காமல் பார்த்துக்கொள்வதே அதன் பணி. நிறுவனக் கொள்கை போடும் பூட்டை மீறுவதற்காக அது செய்யப்படவில்லை.

பல்கலைக்கழகக் கணினியில் நீங்கள் மாற்றிய அமைப்பு சிறிது நேரத்தில் பழையபடி ஆகிவிடுகிறதா? அது கோளாறு அன்று. மையமாக வைக்கப்பட்ட கொள்கையை விண்டோஸ் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் வாங்கிக்கொள்கிறது. அதனுடன் மல்லுக்கட்டுவதைவிட, நிர்வாகியிடம் பேசுவது மேல்.

அப்படிப் பேசப் போகும்போது “பூட்டை எடுத்துவிடுங்கள்” என்று மட்டும் கேட்டால், “முடியாது” என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். நான்கு தகவல்களுடன் போங்கள். வேலை எவ்வளவு நேரம் ஓட வேண்டும்? எந்த நேரத்தில், எப்படி நின்றது? அதற்குத் திரை உண்மையில் தேவையா? அந்தக் கணினியில் யாருடைய தகவல்கள் இருக்கின்றன? இவற்றுக்குப் பதில் கையில் இருந்தால், பெரும்பாலான நிர்வாகிகள் ஒரு வழி சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்தது டாஸ்க் ஷெட்யூலர் அனுமதி. உங்களுக்கு அமர்வு வரம்பைக் கூட்டித் தரலாம். வேறொரு கணினியைக் காட்டலாம்.

நாங்கள் பணியைக் குறித்த நாளில் படைத்தோம். பிறகு அந்த 22 பேருக்கும் அவரவர் பேச்சின் எழுத்து வடிவத்தை அச்சிட்டு, தனித்தனி உறையில் போட்டுக் கொடுத்தோம். உறையை வாங்கிய ஒரு தாத்தா முதலில் கேட்ட கேள்வி, “இத வேற யாரும் படிச்சாங்களாம்மா?” என்பதுதான். “இல்ல தாத்தா, நாங்க மட்டும்தான்” என்று அவரிடம் தயங்காமல் சொல்ல முடிந்தது.